பஸ் சீட் முன்பதிவு ஏபிஐ: எந்தப் பிழைக்கு எந்த ஸ்டேட்டஸ் கோடு?

#1 வடகரை

வணக்கம் நண்பர்களே. பஸ் சீட் முன்பதிவுக்கு ஒரு ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் கூப்பிடும் வாசல்). வேலை நான்கு: வண்டி தேடுவது, சீட்டை 8 நிமிடம் பிடித்து வைப்பது, பணம் கட்டி உறுதி செய்வது, ரத்து செய்வது. மொபைல் ஆப், வெப்சைட், ஏஜென்ட் கடைகளின் மென்பொருள் மூன்றும் இதைத்தான் கூப்பிடும். முன்னால் கோரிக்கையை வாங்கிக் கடத்தும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ், பின்னால் நோட்டில் எழுதிய அப்ளிகேஷன், அதற்குப் பின்னால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்.

பிழை வந்தால் என்ன அனுப்புவது என்பதில் இரண்டு யோசனை ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் 200 கொடுத்துவிட்டு பாடியில் "சக்சஸ்: ஃபால்ஸ்" என்று எழுதுவது ஒன்று. முறையான எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோடுகள் (பதிலோடு போகும் மூன்று இலக்க எண்கள்) கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் சரியென்று தெரிகிறது, ஆனால் எதற்கு எது என்பதில் ஆளுக்கொரு பதில் வருகிறது. அரைகுறை ஜேசன் (டேட்டா அனுப்பும் எழுத்து வடிவம்) வந்தால்? ஜூன் 31 என்று தேதி வந்தால்? வேறொருவர் முந்திக்கொண்டு சீட்டை எடுத்துவிட்டால்? 8 நிமிடம் தாண்டிப் பணம் கட்ட வந்தால்? அடுத்தவர் டிக்கெட் எண்ணைப் போட்டுத் திறந்தால்? பேமென்ட் கேட்வே பதிலே சொல்லாவிட்டால்? ஒரே ஏஜென்ட் நிமிடத்துக்கு ஆயிரம் முறை தேடினால்?

காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 கல்வெட்டு

முதலில் ஒரு அளவுகோல். ஸ்டேட்டஸ் கோடைப் பயணி படிப்பதில்லை. ஆப்பில் இருக்கும் எச்டிடிபி லைப்ரரி, நடுவில் இருக்கும் ப்ராக்ஸி, பழைய பதிலைச் சேமித்துக் கொடுக்கும் கேஷ், கோரிக்கைகளைப் பல சர்வருக்குப் பிரிக்கும் லோட் பேலன்சர், உங்கள் மானிட்டரிங் ஆகியவை படிக்கின்றன. ஆகவே கோடு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பதில் கையில் கிடைத்ததும் கூப்பிட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

அதே கோரிக்கையைக் கொஞ்ச நேரம் கழித்து அப்படியே அனுப்பினால் பலிக்கக்கூடும் என்றால் 429, 503, 504. திருத்தி அனுப்ப வேண்டுமென்றால் 400, 422. லாகின் செய்துவிட்டு வர வேண்டுமென்றால் 401. புது நிலவரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டுமென்றால் 409, 412. விட்டுவிட வேண்டுமென்றால் 403, 404, 410. இரண்டு பிழைகளுக்கு அடுத்த வேலை ஒன்றே என்றால் ஒரே கோடு போதும், அதற்காக மணிக்கணக்கில் வாதாட வேண்டியதில்லை. அடுத்த வேலை வேறு வேறு என்றால் ஒன்றில் அடைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் 200 கொடுத்தால் இந்தத் தகவல் முழுக்கத் தொலைகிறது. ரீட்ரை லைப்ரரிக்கு எதைத் திரும்ப அனுப்புவது என்று தெரியாது. தேடல் போன்ற கெட் (படிக்க மட்டும் கேட்கும்) கோரிக்கையில் பிழைச் செய்தியே கேஷில் நல்ல பதிலாக உட்கார்ந்துவிடும். பேமென்ட் முழுக்கப் படுத்துவிட்டாலும் டாஷ்போர்டில் 100 சதவீதம் பச்சை காட்டும். பிரவுசரின் ஃபெட்ச் 400, 500 வரிசைக்கு எக்ஸெப்ஷன் எறியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 200 முதல் 299 வரைக்கும் மட்டும் ரெஸ்பான்ஸில் ஓகே என்ற ப்ராப்பர்ட்டி ட்ரூ ஆகும், அதைச் சோதிப்பது உங்கள் பொறுப்பு. ஆக்ஸியாஸ் இயல்பிலேயே எறியும்.

இன்னொன்று. தனக்குத் தெரியாத கோடு வந்தால் கிளையன்ட் அதை அந்த வரிசையின் 00 ஆக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எச்டிடிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 9110 சொல்கிறது. 422 தெரியாத பழைய கிளையன்ட்டுக்கு அது 400. அதனால் முதல் இலக்கம் தப்பக் கூடாது. மற்ற இரண்டு இலக்கங்களில் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தால் தாங்கும்.

#3 ஏலக்காய்78

ஜேசன், தேதி இரண்டுக்கும் பதில்.

பாகப்பிரிவினை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பார்ஸ் செய்யவே (படித்துப் பிரிக்கவே) முடியாவிட்டால் 400. பார்ஸ் ஆகிறது, ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் செல்லாது என்றால் 422. அரைகுறை ஜேசனுக்கு 400, ஜூன் 31-க்கு 422. கன்டென்ட்-டைப்பே தவறு, ஜேசன் கேட்ட இடத்தில் எக்ஸ்எம்எல் வந்தது என்றால் 415.

422 பிறந்தது வெப்டேவ் (சர்வரில் உள்ள கோப்புகளைத் திருத்த எச்டிடிபிக்கு வந்த நீட்சி) தரத்தில். 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4918-இல் பார்க்கலாம். "அது வெப்டேவுக்கு உரியது, நாம் எடுக்கக் கூடாது" என்ற வாதம் 2022 ஜூனோடு முடிந்தது: ஆர்எஃப்சி 9110 அதைப் பொதுத் தரத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அதேபோல 400 என்றால் இலக்கணப் பிழை மட்டும்தான் என்பது 1999-இன் ஆர்எஃப்சி 2616 காலத்து வாசகம். 2014-க்குப் பிறகு கிளையன்ட் பக்கத் தவறு எதற்கும் 400 பொருந்தும். லாரவெல், ஃபாஸ்ட்ஏபிஐ இரண்டும் சரிபார்ப்புப் பிழைக்கு 422 கொடுக்கின்றன. ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க், ஏஎஸ்பி டாட்நெட் கோர் இரண்டும் 400. உங்கள் ஃப்ரேம்வொர்க் எதைத் தருகிறதோ அதோடு போங்கள். ஒரே ஏபிஐக்குள் பாதி 400, பாதி 422 என்று கலந்துவிடுவதுதான் கெடுதல்.

பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பதிலில் சொல்லுங்கள். தேதி தவறு, வயது காலி, போன் எண்ணில் 9 இலக்கம் என்றால் மூன்றும் ஒன்றாகப் போகட்டும்.

நோட், எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு பொறி இருக்கிறது. ஜேசன் பார்சர் உடைந்த ஜேசனைப் பார்த்ததும் எறியும் எரர் ஆப்ஜெக்டில் ஸ்டேட்டஸ் 400 என்றே இருக்கும். பாடி மிகப் பெரிது என்றால் 413, இயல்பு வரம்பு 100 கேபி. பலர் கடைசியில் எழுதும் பொது எரர் ஹேண்ட்லர் அந்த ஸ்டேட்டஸைப் பார்க்காமல் 500 என்று எழுதிவிடும். அங்கே எரரின் ஸ்டேட்டஸ் 400-க்கும் 499-க்கும் இடையில் இருந்தால் அதையே அனுப்பு, இல்லாவிட்டால் 500 என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

#4 தறிநாடா

சீட் போட்டிக்கு 409. கோரிக்கையில் தவறு ஒன்றுமில்லை, சர்வரில் அந்தச் சீட்டின் இப்போதைய நிலையோடு மோதுகிறது, அவ்வளவுதான். இதே கோரிக்கை 10 விநாடி முன்னால் வந்திருந்தால் பலித்திருக்கும். 422 கொடுத்தால் ஆப் ஃபார்மில் சிவப்புக் கோடு போட்டுப் பயணியைத் திருத்தச் சொல்லும். அவர் எதைத் திருத்துவார்? 409 வந்தால் ஆப் சீட் படத்தைப் புதிதாக இறக்கிக் காட்ட வேண்டும்.

இந்த 409 எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். "சீட் காலியா என்று பார், காலியென்றால் இன்சர்ட்" என்று எழுதினால் இரண்டு பேர் ஒரே நொடியில் பார்ப்பார்கள், இரண்டு பேருக்கும் காலி என்று வரும். டிரிப் எண், சீட் எண் இரண்டும் சேர்ந்த யுனிக் இண்டெக்ஸ் டேபிளில் இருக்க வேண்டும். பழைய, காலாவதியான வரிகள் இடைஞ்சல் செய்யாமல் இருக்க நடப்பில் உள்ள வரிகளுக்கு மட்டும் பொருந்தும் பார்ஷியல் இண்டெக்ஸ். தோற்றவருக்கு போஸ்ட்கிரஸ் 23505 என்ற கோடோடு எரர் கொடுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 1062. அதைப் பிடித்து 409 ஆக மாற்றுங்கள். பிடிக்காமல் விட்டால் அது 500 ஆகி, கிளையன்ட் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

மற்ற டேட்டாபேஸ் கோடுகள்: 40001 சீரியலைசேஷன் தோல்வி, 40P01 டெட்லாக். இவற்றைக் கிளையன்ட்டிடம் காட்டாதீர்கள். சர்வரே டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து இரண்டு, மூன்று முறை ஓட்டிப் பார்க்கட்டும், அப்புறமும் முடியாவிட்டால் 503. 23502, அதாவது நாட் நல் மீறல், டேட்டாபேஸ் வரைக்கும் வந்துவிட்டது என்றால் உங்கள் சரிபார்ப்பில் ஓட்டை இருக்கிறது. அதை 422 என்று மூடி மறைக்காமல் 500 ஆகவே விடுங்கள், லாகில் தெரியட்டும், கோடில் சரிசெய்யுங்கள்.

#5 வடகரை

மிக்க நன்றி. 409 தெளிவாகிவிட்டது. 8 நிமிடம் தாண்டிய கேஸ் மட்டும் குழப்பம். 410 என்கிறார்கள், 409 என்கிறார்கள், 408 என்றுகூட ஒருவர் சொன்னார். அப்புறம், தேடலில் வண்டியே இல்லையென்றால் 404-ஆ?

#6 கல்வெட்டு

408 வேண்டவே வேண்டாம். அது கோரிக்கையை அனுப்ப ஆரம்பித்த கிளையன்ட் முழுதாக அனுப்பி முடிக்கவில்லை, சர்வர் காத்திருந்து அலுத்துவிட்டது என்பதற்கு. அதைப் பார்த்து அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பும் கிளையன்ட்கள் உண்டு. உங்கள் எட்டு நிமிடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

409, 410 இரண்டுக்கும் நடுவில் முடிவு செய்ய ஒரு வழி: அந்த ஹோல்டின் (8 நிமிடம் பிடித்து வைத்த பதிவின்) முகவரிக்கு கெட் போட்டால் என்ன வரும்? "நிலை: காலாவதி" என்று விவரம் வருமானால் அந்த ரிசோர்ஸ் இன்னும் இருக்கிறது. அதன் மீது உறுதி செய்யும் செயல்தான் செல்லவில்லை. ஆகவே 409. ஹோல்டு வரியையே அழித்துவிடுகிறீர்கள், இனி ஒருநாளும் வராது, அழித்தது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் என்றால் 410. முன்பதிவில் வரியை அழிக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது. நாளை "பணம் போச்சு, சீட் எங்கே?" என்று கேட்டு வருவார்கள், அப்போது காட்ட அந்த வரி வேண்டும். ஆகவே என் ஓட்டு 409.

410 அருமையாகப் பொருந்தும் இடத்துக்கு ஆப்பிளின் புஷ் நோட்டிஃபிகேஷன் சேவையைப் பாருங்கள். ஆப்பை அழித்துவிட்ட போனின் டோக்கனுக்கு அனுப்பினால் 410 வரும். அதன் பொருள்: இந்த டோக்கனுக்கு இனி அனுப்பாதே, உன் டேபிளிலிருந்து எடுத்துவிடு. அடுத்த வேலை அவ்வளவு தெளிவு.

தேடலில் வண்டி இல்லையென்றால் 200, காலி லிஸ்ட். "மதுரை முதல் தென்காசி, இந்தத் தேதி" என்ற கேள்வி சரியானது, விடை பூஜ்யம். 404 என்றால் அந்த முகவரியே இல்லை என்று பொருள். இரண்டையும் கலந்தால், யுஆர்எல்லில் எழுத்துப்பிழை இருந்தாலும் ஆப் "வண்டி இல்லை" என்று காட்டிக்கொண்டிருக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

404, 410 இரண்டும் கேஷ்-கன்ட்ரோல் இல்லாவிட்டாலும் கேஷ் தன் யோசனைப்படி சேமித்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில் இருப்பவை. 400, 403, 409 அந்தப் பட்டியலில் இல்லை. நாளைக் காலை திறக்கப்போகும் டிரிப்புக்கு இன்று 404 கொடுத்தால் நடுவில் இருக்கும் சிடிஎன் (பயனருக்கு அருகில் நகல் வைக்கும் கேஷ் சேவை) அதைப் பிடித்துவைக்கக்கூடும். ஏபிஐயின் எல்லாப் பிழைப் பதில்களுக்கும் கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர் என்று போட்டுவிடுங்கள்.

#7 நீலவாசல்

அடுத்தவர் டிக்கெட்டைப் பற்றி. 401, 403, 404 மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

401-இன் பெயர் "அன்ஆதரைஸ்டு" என்றாலும் பொருள் "நீ யாரென்று தெரியவில்லை". லாகின் டோக்கன் இல்லை, காலாவதி, கையெழுத்து ஒத்துவரவில்லை. 403 என்றால் யாரென்று தெரியும், இதற்கு அனுமதி இல்லை. ஆப்பில் 401 வந்தால் டோக்கனைப் புதுப்பித்து ஒரே ஒரு முறை திரும்ப அனுப்பும் கோடு இருக்கும். 403-க்குப் பதிலாக 401 கொடுத்தால் அந்தக் கோடு வீணாக டோக்கனைப் புதுப்பிக்கும், மறுபடி 401, கடைசியில் பயணியை லாகின் பக்கத்துக்குத் துரத்தும்.

401 கொடுக்கும்போது டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட் ஹெடர் கட்டாயம். அதில் பேசிக் என்று எழுதினால் பிரவுசர் தன் பாஸ்வேர்டு பெட்டியைத் திறந்துவிடும், பேரர் என்று எழுதுங்கள். டோக்கன் கெட்டுவிட்டது என்றால் இன்வாலிட்_டோக்கன் என்ற எரரோடு 401, டோக்கன் நல்லது ஆனால் ஸ்கோப் போதாது என்றால் இன்சஃபிஷியன்ட்_ஸ்கோப் என்ற எரரோடு 403. இது 2012-இன் ஆர்எஃப்சி 6750.

ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆதென்டிகேஷன் கிளாஸ் பட்டியலில் முதலில் செஷன் ஆதென்டிகேஷன் இருந்தால் லாகின் இல்லாதவருக்கும் 403-தான் வரும், காரணம் அந்தக் கிளாஸ் மேலே சொன்ன ஹெடரைத் தருவதில்லை. டோக்கன் கிளாஸை முதல் இடத்துக்கு மாற்றினால் 401 வரும்.

அடுத்தவர் டிக்கெட்டுக்கு 404. 403 கொடுத்தால் "அப்படி ஒரு டிக்கெட் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எண்கள் வரிசையாக இருந்தால் ஒருவர் எத்தனை டிக்கெட் விற்றது என்று எண்ணிவிடலாம். இருப்பதை மறைக்க 404 கொடுக்கலாம் என்று தரமே அனுமதிக்கிறது. கிட்ஹப் தனியார் ரெப்போக்களுக்கு இதைத்தான் செய்கிறது. ஆனால் மறைப்பது முழுமையாக இருக்க வேண்டும்: இல்லாத எண்ணுக்கும் அடுத்தவர் எண்ணுக்கும் பாடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அதற்குச் சுலபமான வழி, டேட்டாபேஸ் குவெரியிலேயே டிக்கெட் எண்ணோடு பயணி எண்ணையும் சேர்த்துத் தேடுவது. வரி கிடைக்காவிட்டால் 404. தனியாக உரிமையாளர் சோதனை என்ற படியே வராது, மறந்துபோகவும் வழியில்லை.

சொந்த டிக்கெட்டை ரத்து செய்ய நேரம் கடந்துவிட்டது என்றால் 403 அல்ல, 409. ஆளுக்கு அனுமதி இருக்கிறது, நிலைதான் ஒத்துவரவில்லை.

#8 மின்கம்பி

இனி 500 வரிசை. அங்கேதான் பணம் போகும்.

500: நம் கோடில் ஓட்டை. 502: முன்னால் நிற்கும் ப்ராக்ஸிக்குப் பின்னாலிருந்து உருப்படியான பதில் வரவில்லை. 503: இப்போது முடியாது, அப்புறம் வா. 504: பின்னாலிருந்து நேரத்துக்குள் பதிலே வரவில்லை.

பேமென்ட் கேட்வே அமைதியாகிவிட்டால் நேராக 504 கொடுத்துவிட்டுக் கை கழுவக் கூடாது. 504 என்றால் "நடந்ததா இல்லையா தெரியாது" என்று பொருள். யுபிஐயில் கணக்கில் பணம் கழிந்து உறுதி வராமல் பென்டிங்கில் நிற்பது நடக்கிற விஷயம். அந்த நேரத்தில் கிளையன்ட் திரும்ப போஸ்ட் அனுப்பினால் இரண்டாவது முறை பணம் போகும். செய்ய வேண்டியது:

கிளையன்ட் ஒவ்வொரு பணம் கட்டும் முயற்சிக்கும் ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத தனி எண்) உருவாக்கி ஐடெம்பொட்டன்சி-கீ ஹெடரில் அனுப்பட்டும். சர்வர் கேட்வேயைக் கூப்பிடும் முன்பே அந்தச் சாவியை "நடந்துகொண்டிருக்கிறது" என்ற நிலையோடு டேபிளில் எழுதி கமிட் செய்ய வேண்டும், அதற்கும் யுனிக் இண்டெக்ஸ். அதே சாவி மறுபடி வந்தால், வேலை முடிந்திருந்தால் பழைய பதிலையே கொடுக்க வேண்டும், முடியவில்லை என்றால் 409. அதே சாவி ஆனால் வேறு தொகை என்றால் 422. கேட்வே நேரத்துக்குள் சொல்லவில்லை என்றால் 202, லொகேஷன் ஹெடரில் அந்தப் பேமென்ட்டின் நிலையைப் பார்க்கும் முகவரி. ஆப் அதைச் சில விநாடிக்கு ஒருமுறை கேட்கும், பின்னணியில் ஒரு வேலை கேட்வேயிடம் கேட்டுக் கணக்கை நேர்செய்யும். அதுவரை 8 நிமிட ஹோல்டு காலாவதி ஆகாமல் நிறுத்திவைக்க வேண்டும். இதை மறந்தால் பணமும் வந்து சீட்டும் வேறொருவருக்குப் போயிருக்கும்.

டைம்அவுட் எண்களை உள்ளே குறைவாகவும் வெளியே அதிகமாகவும் அடுக்குங்கள். கேட்வே அழைப்புக்கு 20 விநாடி, நோட் கோரிக்கைக்கு 25, என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் 30, ஆப்பில் 35. என்ஜின்எக்ஸின் இயல்பு 60 விநாடி. வெளியே உள்ளது முதலில் அறுந்தால் நீங்கள் அழகாக எழுதிய 202 யாருக்கும் போய்ச் சேராது. லாகில் 499 என்று நிறைய வந்தால் அதுதான் நடக்கிறது: 499 என்ஜின்எக்ஸ் தன் லாகில் எழுதிக்கொள்ளும் எண், கிளையன்ட் காத்திருக்காமல் இணைப்பை மூடிவிட்டது என்பதற்கு. அது வெளியே போகும் கோடு கிடையாது, நீங்கள் அனுப்பவும் கூடாது.

கீப்-அலைவ் மட்டும் இதற்கு நேர் எதிர். நோட் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 விநாடியில் மூடிவிடும். முன்னால் அமேசானின் லோட் பேலன்சர் இருந்தால் அதன் ஐடில் டைம்அவுட் 60 விநாடி. நோட் மூடிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் அது கோரிக்கையை அனுப்பினால் 502. நோட் லாகில் ஒரு வரியும் இருக்காது. நாள் முழுக்க ஆங்காங்கே காரணமில்லாமல் 502 என்றால் முதலில் இதைப் பாருங்கள். கீப்அலைவ்டைம்அவுட்டை 65 விநாடியாக வைத்தால் நின்றுவிடும்.

#9 ஏலக்காய்78

மின்கம்பி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கேட்வே நமக்கு 401 கொடுத்தால் (நம் ஏபிஐ சாவி காலாவதி என்று வையுங்கள்) அதை அப்படியே வெளியே அனுப்பிவிடும் கோடு நிறைய இடத்தில் இருக்கிறது. ஆப் அதைத் தன் டோக்கன் பிரச்சினை என்று நினைத்துப் பயணியை லாகவுட் செய்துவிடும். பின்னால் வரும் 400 வரிசை எதையும் யோசிக்காமல் முன்னால் தள்ளக் கூடாது. அது பயணியின் தவறா நம் தவறா என்று பார்த்து, நம் தவறு என்றால் 502.

#10 மின்கம்பி

502-இல் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அப்ளிகேஷன் கோடு 502, 504 கொடுக்கவே கூடாது என்பேன். அவற்றை ப்ராக்ஸிக்கும் லோட் பேலன்சருக்கும் விட்டுவிட்டால், நள்ளிரவில் 502 அலாரம் அடிக்கும்போது "நோட் ப்ராசஸ் செத்துவிட்டது" என்று உடனே தெரியும். அப்ளிகேஷனும் அதையே கொடுத்தால் நோட் செத்ததா, கேட்வே செத்ததா என்று லாகைக் கிளற வேண்டும். கேட்வே படுத்துவிட்டது என்றால் 503, பாடியில் காரணம். நம் சாவி காலாவதி என்றால் 500, அது நம் அலட்சியம்.

#11 ஏலக்காய்78

வாதம் நியாயம்தான். ஆனால் 503 கொடுத்தால் கிளையன்ட் தானாகத் திரும்ப அனுப்பும். கேட்வே உங்கள் கோரிக்கையைப் புரியாத வடிவில் திருப்பியது என்றால் எத்தனை முறை அனுப்பினாலும் அதேதான். அப்ளிகேஷன் அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் ஒரு ரிக்வெஸ்ட்-ஐடி ஹெடர் வைத்தால் போதும்: ஹெடர் உள்ள 502 அப்ளிகேஷனுடையது, இல்லாதது ப்ராக்ஸியுடையது. அமேசானின் லோட் பேலன்சர் தான் உருவாக்கிய 500 வரிசையையும் பின்னாலிருந்து வந்ததையும் தனித்தனி மெட்ரிக்காகவே எண்ணுகிறது. எந்த வழியை எடுத்தாலும் எழுதிவையுங்கள் வடகரை.

#12 தறிநாடா

கார்டு மறுக்கப்பட்டால்? அதை யாரும் தொடவில்லை. பேமென்ட் நிறுவனமான ஸ்ட்ரைப் 402 கொடுக்கிறது. தரத்தில் 402 இன்னும் "எதிர்காலத்துக்கு ஒதுக்கியது" என்ற நிலையில்தான் இருக்கிறது, ஆனாலும் அவர்கள் அதைத் தெளிவாக ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். என் விருப்பம் வேறு. பேமென்ட் முயற்சி என்பதே ஒரு ரிசோர்ஸ். முயற்சி பதிவானது, அதன் நிலை "மறுக்கப்பட்டது". ஆகவே 201, நிலை பாடியில். மறுப்பு என்பது வங்கியின் முடிவு, எச்டிடிபி அளவில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஏற்கெனவே 202 வழி வைத்திருப்பதால் ஆப் எப்படியும் நிலையைப் படிக்கப்போகிறது, ஆப்பில் இரண்டு வழிக்கும் ஒரே நிரல் போதும்.

எது எப்படியானாலும் 500 மட்டும் கூடாது. என்வாய் ப்ராக்ஸியில் அவுட்லையர் டிடெக்‌ஷன் போட்டிருந்தால் தொடர்ந்து 5 முறை 500 வரிசை கொடுத்த சர்வரை 30 விநாடி வரிசையிலிருந்து தூக்கிவிடும், இயல்பு அமைப்பே அதுதான். ஐந்து பேர் கணக்கில் பணம் இல்லாததற்காக நல்ல சர்வர் வெளியே போகும்.

#13 நீலவாசல்

ஆயிரம் முறை தேடும் ஏஜென்ட்டுக்கு 429, 2012-இன் ஆர்எஃப்சி 6585-இல் வந்தது. ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் விநாடி எண். என்ஜின்எக்ஸின் லிமிட்_ரெக் வைத்துத் தடுத்தால் இயல்பாக 503 போகும், லிமிட்_ரெக்_ஸ்டேட்டஸ் 429 என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு ஏஜென்ட்டின் ஆட்டத்துக்கு உங்கள் சேவையே படுத்ததாக மானிட்டரிங் காட்டும். ஒருவர் அதிகமாகக் கேட்கிறார் என்றால் 429, எல்லோரும் சேர்ந்து வந்து சர்வர் திணறுகிறது என்றால் 503.

பொங்கல் முன்பதிவு திறக்கும் காலையில் எல்லோருக்கும் "ரீட்ரை-ஆஃப்டர்: 30" என்று கொடுத்தால் 30 விநாடி கழித்து எல்லோரும் ஒன்றாக வந்து இடிப்பார்கள். சர்வரே 20-க்கும் 60-க்கும் இடையில் ஆளுக்கொரு எண் கொடுக்கட்டும்.

வெப்சைட் வேறு டொமைனில் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ரீட்ரை-ஆஃப்டர், லொகேஷன் இரண்டும் கண்ணுக்கே தெரியாது. ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் அவற்றின் பெயரைச் சேருங்கள்.

#14 கல்வெட்டு

நீலவாசல் அந்தப் பக்கம் திருப்பியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின்எக்ஸில் ஆட்_ஹெடர் வைத்து கார்ஸ் ஹெடர் (வேறு டொமைனின் பக்கம் பதிலைப் படிக்க அனுமதிப்பது) கொடுத்தால் அது 200, 201, 204, 301, 302 போன்ற சில கோடுகளுக்கு மட்டும்தான் சேரும். 401, 409, 429 போனால் ஹெடர் இருக்காது, பிரவுசர் பதிலையே மறைத்துவிட்டு கார்ஸ் எரர் என்று காட்டும். வரியின் கடைசியில் ஆல்வேஸ் என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாக் கோடுக்கும் போகும். கார்ஸ் என்று நாள்கணக்கில் தேடப்படும் சிக்கல்களில் பல உண்மையில் ஒரு சாதாரண 401.

இன்னொரு இடம், அமேசானின் சிடிஎன் ஆன கிளவுட்ஃப்ரன்ட். ரியாக்ட் வெப்சைட்டுக்காக "404 வந்தால் இண்டெக்ஸ் பக்கத்தை 200 ஆகக் கொடு" என்று கஸ்டம் எரர் ரெஸ்பான்ஸ் எழுதுவார்கள். அது அந்த டிஸ்ட்ரிபியூஷன் முழுமைக்கும் பொருந்தும். ஏபிஐயும் அதே டிஸ்ட்ரிபியூஷனில் இருந்தால் உங்கள் 404 எச்டிஎம்எல் பக்கமாக, 200 ஆக ஆப்புக்குப் போகும். ஏபிஐக்குத் தனி டிஸ்ட்ரிபியூஷன், அல்லது அந்த எரர் அமைப்பை நீக்கிவிட்டு ஒரு ஃபங்ஷனில் முகவரியை மாற்றி எழுதுவது.

#15 வடகரை

நான் நினைத்ததைவிட அதிகம் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. பிழைப் பதிலின் பாடி வடிவத்துக்கு ஆர்எஃப்சி 9457 எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சீட் போன கேஸுக்கு இப்படி:

ஸ்டேட்டஸ்: 409
கன்டென்ட்-டைப்: அப்ளிகேஷன்/ப்ராப்ளம்+ஜேசன்
டைப்: /பிழைகள்/சீட்-போய்விட்டது
டைட்டில்: இந்தச் சீட் பதிவாகிவிட்டது
டீடெயில்: 14ஏ சீட்டை வேறொருவர் எடுத்துவிட்டார். மீதம் 6 சீட்கள் உள்ளன.
இன்ஸ்டன்ஸ்: /டிரிப்/8812/ஹோல்டு

சரிதானா? அப்புறம், ஏஜென்ட் ஒரே தடவையில் 20 டிக்கெட்டை ரத்து செய்கிறார், 3 மட்டும் தோற்றால்?

#16 ஏலக்காய்78

நன்றாக இருக்கிறது. ஆப் எப்போதும் டைப்பை மட்டும் வைத்துக் கிளை பிரியட்டும். டைட்டில், டீடெயில் இரண்டும் அக்செப்ட்-லாங்குவேஜ் பார்த்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மாறலாம், டைப் மாறவே கூடாது. ஹோல்டு காலாவதி, ரத்து நேரம் கடந்தது, சீட் போனது மூன்றும் 409, ஆனால் மூன்றுக்கும் மூன்று டைப். 422-இல் எந்தப் புலம், என்ன தவறு என்ற லிஸ்ட்டை எரர்ஸ் என்ற கூடுதல் புலமாக வையுங்கள், தரம் அதை அனுமதிக்கிறது. 500-இன் டீடெயிலில் ஸ்டாக் ட்ரேஸ், எஸ்க்யூஎல் எதுவும் கசியக் கூடாது, ரிக்வெஸ்ட்-ஐடி மட்டும்.

20 ரத்துக்கு, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று வைத்தால் 409 ஒன்றே போதும். தனித்தனியாக நடக்கட்டும் என்றால் 207 (ஒரே பதிலில் பல ஸ்டேட்டஸ்), அல்லது 200 கொடுத்து ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் உள்ளே. எலாஸ்டிக்சர்ச்சின் பல்க் முகவரி 200 கொடுத்து மேலேயே எரர்ஸ்: ட்ரூ என்று ஒரு கொடி வைக்கிறது. அந்தக் கொடி அவசியம், இல்லாவிட்டால் ஏஜென்ட் மென்பொருள் 200-ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும்.

#17 மின்கம்பி

வெளியிடும் முன் இவற்றை நோட் போர்ட்டில் அல்ல, வெளியே தெரியும் உண்மையான முகவரியில் கர்ல் மைனஸ் ஐ (ஹெடரோடு பதிலைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். அரைகுறை ஜேசன் அனுப்புங்கள், 400-ஓடு கன்டென்ட்-டைப் ப்ராப்ளம்+ஜேசன் வர வேண்டும். 2 எம்பி பாடி அனுப்புங்கள்: என்ஜின்எக்ஸின் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பு 1 எம்பி, அதனால் 413 நோட் வரைக்கும் போகாமல் எச்டிஎம்எல்லாகத் திரும்பும். அதற்கு எரர்_பேஜில் ஒரு ஜேசன் கோப்பு கொடுங்கள். நோட்டை நிறுத்திவிட்டு அனுப்புங்கள், 502-க்கும் அதே சிகிச்சை. ரத்து முகவரிக்கு தவறான மெத்தட் அனுப்புங்கள், 405-ஓடு அலவ் ஹெடர் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்பிரஸ் தானாக 405 கொடுக்காது, 404-தான் வரும், நீங்கள் எழுத வேண்டும். கடைசியாக, இரண்டு டெர்மினலில் ஒரே சீட்டுக்கு ஒரே நேரத்தில் போஸ்ட். ஒன்றுக்கு 201, இன்னொன்றுக்கு 409. இதை 50 முறை லூப்பில் ஓட்டினாலும் இரண்டு 201 ஒருமுறைகூட வரக் கூடாது.